இதயமும் நுரையீரலும்: பன்வில மலையில் ஒரு தாதி தொடர்ந்து படிக்க வேண்டியவை

பன்வில நகரிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வத்தேகம வழியாகப் போகும் அந்த வீதியில் அம்பியூலன்ஸ் வண்டி ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நோயாளி பன்வில நகரில் இருப்பதில்லை. அவர் மடுல்கலைக்கு மேலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் உள்ள தோட்டமொன்றின் லயத்தில் இருக்கிறார். லயத்திலிருந்து தோட்ட வீதிவரை யாராவது தூக்கிவர வேண்டும். அங்கிருந்து முச்சக்கர வண்டி. மழை பெய்திருந்தால் அதுவும் வராது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மாரடைப்பு வந்த ஒருவரைக் கண்டியிலுள்ள இதய மருத்துவர் பார்ப்பதற்கு முன் இரண்டு, மூன்று மணித்தியாலங்கள் கழிந்துவிடும். அந்த நேரம் முழுவதும் அவரின் உயிர் ஒரு சிறிய வைத்தியசாலையில் கடமையிலிருக்கும் ஒன்றிரண்டு தாதியரின் கையில்தான் இருக்கிறது.

நான் அப்படிப்பட்ட ஒரு தாதி. எங்கள் குடும்பம் இந்த மலைப்பக்கத்துத் தோட்டக் குடும்பம். 1983 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போனோம். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அப்படி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் ஏராளம். நான் தாதியானது வடக்கில். போருக்குப் பிறகுதான் மாற்றம் பெற்று இங்கே வந்தேன். ஆகவே இரண்டு பக்கத்து நோயாளிகளின் பேச்சும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒருமுறை பிழை விட்டேன்.

இந்த மலைப்பக்கத்துச் சிறிய வைத்தியசாலையொன்றில் அது நடந்தது. பெயர் வேண்டாம். 50 வயதைக் கடந்த, சீனி வருத்தமுள்ள கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர். "மிஸ்ஸி, நெஞ்சு கரிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். முகம் வியர்த்திருந்தது. மலையேறி வந்த வியர்வை என்று நினைத்தேன். இரைப்பை அமில மருந்தைக் கொடுத்து வாங்கில் இருக்கச் சொன்னேன். நாற்பது நிமிடம் கழித்துத்தான் ஈசிஜி எடுத்தோம். அது மாரடைப்பு. அவர் பிழைத்தார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை. பிறகு அவர் மலையேறிக் கொழுந்து பறிக்கப் போகவே இல்லை.

சீனி வருத்தமுள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் இருக்கலாம் என்பது மூன்று வருடப் பயிற்சியில் நான் படித்த விடயம்தான். பரீட்சையிலும் எழுதியிருப்பேன். ஆனால் படித்ததற்கும் அந்த வாங்கில் இருந்த அம்மாவுக்கும் இடையில் பல வருடங்கள் போயிருந்தன. நான் பதிவு பெற்ற நாளிலிருந்து அந்த நாள்வரை, "புதிதாக என்ன படித்தாய், பழையதில் எது ஞாபகம் இருக்கிறது" என்று பதிவின் பெயரால் என்னை யாரும் கேட்டதில்லை. லண்டனில் தாதியாக இருக்கும் என் உறவுக்காரப் பெண்ணோ மூன்று வருடத்துக்கு ஒருமுறை 35 மணித்தியாலத் தொடர்கல்வியைக் காட்டினால்தான் தன் பதிவைப் புதுப்பிக்கலாம். அதில் 20 மணித்தியாலம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். இந்தியத் தாதியர் பேரவை ஐந்து வருடத்துக்கு 150 மணித்தியாலம் என்கிறது. மணித்தியாலக் கணக்கு மட்டும் ஒருவரைத் திறமையாக்கிவிடாது. மண்டபத்தின் பின்வரிசையில் நித்திரை கொண்டும் சான்றிதழ் வாங்கலாம், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கேட்க ஆளிருப்பது ஒரு தொடக்கம்.

இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் முதலிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களுக்கு. இதனால்தான் 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் திறக்கப்பட்டன. பிரஷர், சீனி, உடல் நிறை பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய ஆபத்தை அட்டவணையில் கணிக்கும் வேலை அங்கே நடக்கிறது. அதைத் தாதியர் செய்யலாம் என்று வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டிகளை எழுதியிருக்கிறது. வேலை வந்துவிட்டது. அதற்கான படிப்பு அதே வேகத்தில் வரவில்லை.

இங்கே முதலில் படிக்க வேண்டியது சொற்களை என்பது என் கருத்து. வாட்டில் உள்ள சிங்களச் சகோதரி ஒருவர், நல்ல மனம் படைத்தவர், நோயாளியிடம் "பப்புவ ரிதெனவாத?" என்று கேட்கிறார். நெஞ்சு நோகிறதா என்று அர்த்தம். தோட்டத்து ஐயா "இல்லை" என்று தலையாட்டுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சு நோகவில்லை, அமுக்குகிறது. கல்லைத் தூக்கி வைத்தமாதிரி இருக்கிறது. கை மரத்துப்போகிறது. அவரைப் பொறுத்தவரை அது வலி அல்ல. "நெஞ்சு அமுக்குதா, கனக்குதா, கரிக்குதா, தாடைக்கோ கைக்கோ ஓடுதா" என்று நான்கு சொற்களில் கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பார். மூச்சிலும் இப்படித்தான். மலையகத்தவர் "இழுப்பு" என்பதை வடக்கிலிருந்து திரும்பிய குடும்பம் "முட்டு" அல்லது "தொய்வு" என்று சொல்லும். "மேமூச்சு வாங்குது" என்றால் அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்ததாகவும் இருக்கலாம். படுத்தால் கூடுகிறதா, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, கால் வீங்குகிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் பிரியும். நாங்கள் இந்தச் சொற்களை மூன்று மொழியிலும் ஒரு தாளில் எழுதி வெளிநோயாளர் பிரிவு மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறோம். இதுவரை நான் கலந்துகொண்ட எந்தச் செயலமர்விலும் கிடைக்காத பாடம் அது.

தமிழில் மருத்துவம் படிப்பிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் 1860களிலேயே மாணவர்களுக்குத் தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார், அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். இன்று வேலையில் இருந்துகொண்டே பட்டம் படிக்க விரும்பும் தாதிக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு 1994இல் அந்தத் தாதியர் பட்டநெறி தொடங்கியது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் அதன் பிராந்திய நிலையமும் உண்டு. ஆனால் படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் பாடசாலை படித்து வந்த பெண் முதலில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் இதயத்துக்கு வர வேண்டும்.

இனிக் கைவேலை. நெஞ்சு தொடர்பாக யார் என்ன சொன்னாலும் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி. இது உலகெங்கும் உள்ள விதி. ஈசிஜியை வாசிப்பது மருத்துவரின் வேலை என்றாலும், மின்வாய்களைச் சரியான இடத்தில் ஒட்டுவது எங்கள் வேலை. மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை, முதலிரண்டு நெஞ்சு மின்வாய்களை மிக மேலே ஒட்டுவது. அவை நெஞ்செலும்பின் இருபுறமும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். நெஞ்செலும்பின் மேற்பகுதியில் விரலை வைத்துக் கீழே இழுத்தால் ஒரு மேடு தட்டுப்படும். அதோடு ஒட்டியது இரண்டாவது விலா. அதற்குக் கீழுள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். பெண் நோயாளிகளின் சட்டையை விலக்கக் கூச்சப்பட்டு மேலே ஒட்டினால், இல்லாத நோய் இருப்பதாகவும் இருக்கிற நோய் இல்லாததாகவும் தாள் காட்டும். திரைச்சீலை ஒன்று தொங்கவிடுவதும் இதயச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

மாரடைப்பு என்று தெரிந்தால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கக் கொடுக்கிறோம். கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் 12 மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம், முதல் மூன்று மணித்தியாலத்தில் பலன் அதிகம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 இலட்சம் அலகு, அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். மருந்தை எங்கே, எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவர் மருத்துவர். ஏறும்போது பிரஷர் இறங்குகிறதா, முரசில் இரத்தம் கசிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் தாதி. முன்பு மூளையில் இரத்தக்கசிவு வந்திருக்கிறதா, அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா என்பவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதி வைப்பதும் அவரே.

ஒட்சிசன் விடயத்தில் நாங்கள் எல்லோருமே பழசாகிப் போனோம். மூச்சு வாங்கினால் முகமூடியை மாட்டி, திறப்பை முழுதாகத் திற என்றே பயின்றோம். விறகடுப்புப் புகையிலும் பீடிப் புகையிலும் நுரையீரல் கெட்டுப்போன நாட்பட்ட நோயாளிக்கு அது ஆபத்து. அவர்களில் சிலருக்கு ஒட்சிசன் கூடிப்போனால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டும் கூடி, நித்திரைபோல மயங்கி மூச்சு நின்றுபோகலாம். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 405 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. அம்பியூலன்ஸில் ஒட்சிசனை அள்ளிக் கொடுத்த குழுவில் 9 வீதமானோர் இறந்தார்கள். 88க்கும் 92க்கும் இடையில் நிற்கும்படி அளந்து கொடுத்த குழுவில் 4 வீதம். விரலில் மாட்டும் கருவியில் 99 என்று கண்டதும் எங்கள் முகம் மலர்கிறதே, இந்த நோயாளிக்கு அது நல்ல எண் அல்ல. அந்தக் கருவியையும் கண்ணை மூடி நம்ப முடியாது. பனிக்காலையில் குளிர்ந்து விறைத்த விரலில் அது பிழையாகக் காட்டும். கறுத்த தோலுள்ளவர்களில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு. அமெரிக்காவில் 2020இல் வந்த ஆய்வு, கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஒட்சிசன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. எங்கள் தோட்டத்து மக்களின் நிறத்தை நினைத்துக்கொண்டே அதை வாசித்தேன். விரலைத் தேய்த்துச் சூடாக்கு, எண்ணைப் பார், பிறகு எண்ணை மறந்து நோயாளியின் உதட்டையும் மூச்சு வேகத்தையும் பார் என்பதுதான் இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது.

பம்பு பாவிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் பாவிக்கிறேன் மிஸ்ஸி" என்பார்கள். என் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டச் சொன்னால், பாதிப் பேர் நாக்குக்குத்தான் மருந்தடிக்கிறார்கள். குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். சிறு பிள்ளைக்கும் முதியவருக்கும் இது கைவராது. இடையில் ஒரு குடுவை வேண்டும். கடையில் வாங்க வசதியில்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு, போத்தலின் வாய் வழியாக மூச்சிழுக்கலாம். இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. தென்னாபிரிக்காவில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரின் குழு, ஆஸ்துமா முற்றிய பிள்ளைகளில் இந்தப் போத்தல் விலைகூடிய குடுவைக்கு நிகராக வேலை செய்கிறது என்று 1999இல் காட்டியது. 2022 நெருக்கடியில் பேராதனை போதனா வைத்தியசாலையே மருந்தின்றி வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்த படிப்பு இப்படிப்பட்டதுதான்.

இழுப்பு என்று வரும் எல்லாமே ஆஸ்துமா அல்ல என்பதற்கு இன்னுமொரு காரணம் உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணுக்குப் பின் வாதக் காய்ச்சல் வந்து, இதயத்தின் வால்வு சுருங்கிப்போன பெண்கள் நெருக்கமான குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு அது தெரியாது. கர்ப்பமாகி ஐந்து, ஆறு மாதத்தில் இரத்தத்தின் அளவு கூடும்போது முதல் தடவையாக மூச்சு முட்டும். அதை இழுப்பு என்று நினைத்துப் புகைபிடித்து அனுப்பினால் (ஆவி மருந்து கொடுப்பதை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்) அன்றிரவே நுரையீரலில் நீர் நிறையலாம். இலங்கையில் தாய் மரணங்களுக்கான முக்கிய காரணங்களில் ஒன்று இதய நோய். முன்பு இழுப்பே இல்லாத கர்ப்பிணி திடீரென்று மூச்சு வாங்கி வந்தால், இதயத்தை நினைக்காமல் அனுப்பக்கூடாது. வால்வு பழுதானவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி பல வருடங்களுக்கு வேண்டும். அது பொல்லாத வலி. வலிக்குப் பயந்தே பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். மருந்தைக் கையில் பொத்திக் குளிர் போகவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தினால் வலி குறைகிறது. அவசரப்படாத ஒரு தாதி ஒரு பிள்ளையின் இதய வால்வைக் காப்பாற்றுகிறார்.

வன்னியிலிருந்து திரும்பிய குடும்பங்களைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. "நெஞ்சு படபடக்குது, மூச்சு அடைக்குது" என்று இரவில் வரும் பெண்ணின் கதை தெரிந்தவுடன், "அது பழைய யோசனை" என்று முடிவுகட்டிவிடும் பழக்கம் எங்களிடம் உண்டு. 2009ஐக் கடந்து வந்தவர்களுக்குப் பயத்தில் நெஞ்சு அடைப்பது உண்மை. ஆனால் அவர்களுக்கும் வயது போகிறது, பிரஷர் ஏறுகிறது, மாரடைப்பும் வருகிறது. முதலில் ஈசிஜி, பிரஷர், சீனி. பிறகுதான் யோசனை. நெஞ்சில் செல் துண்டு இருப்பவர்கள் எக்ஸ்ரே எடுக்கும்போதும், முக்கியமாக எம்ஆர்ஐ எழுதப்படும்போதும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேட்காமல் பலர் சொல்வதில்லை. எங்கே, எப்போது பட்டது என்று விசாரிப்பார்களோ என்ற பயம். "எங்கே பட்டது என்று கேட்கமாட்டேன், உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கோ" என்று நான் கேட்கிறேன். இதற்கும் பயிற்சி தேவை.

சரி, இவற்றையெல்லாம் எப்போது படிப்பது? கண்டியில் செயலமர்வு என்றால் ஒருவரை விடுவிக்க வேண்டும். விடுவித்தால் இங்கே முறைக்கு ஆளில்லை. போய்வருபவர் பெரும்பாலும் ஒரே ஆள், அவர் மாற்றலாகிப் போனால் படிப்பும் பஸ் ஏறிவிடும். நெஞ்சழுத்திச் செய்யும் முதலுயிர்ப்பைப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம், முப்பதுக்கு இரண்டு மூச்சு. படித்து மூன்று முதல் ஆறு மாதத்தில் கை அதை மறந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வருடத்துக்கு ஒரு நாள் முழுக்கப் படிப்பதைவிட மாதத்துக்குப் பத்து நிமிடம் தலையணையில் அழுத்திப் பார்ப்பது மேல். முறை மாறும் நேரத்தில், இரண்டு முறையினரும் இருக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தில், நாங்கள் ஒரு நோயாளியின் கதையை எடுத்துப் பேசுகிறோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் தொடங்கிய எக்கோ திட்டமும் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. நகரத்து நிபுணர் காணொளியில் வருவார், கிராமத்து மருத்துவரும் தாதியும் தங்கள் நோயாளியின் கதையைச் சொல்வார்கள், எல்லோரும் கேட்டுப் படிப்பார்கள். அதற்கு வேண்டியது ஒரு தொலைபேசியும், கண்டியில் வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கும் ஒரு நிபுணரும்தான். இணைய வசதி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பது வேறு கதை.

படிப்பித்தால் பலன் உண்டா என்று கணக்குக் கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் உயர் இரத்த அழுத்தமுள்ள 2,645 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற களப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து, பேசி, தேவையானவரை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் பொதுச் சுகாதார மருத்துவமாதுக்கள். இரண்டு வருடத்தில், வழமையான கவனிப்புப் பெற்ற கிராமங்களைவிட அந்தக் கிராமங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளி அதிகமாக இறங்கியது. புது மருந்தோ இயந்திரமோ வரவில்லை. ஏற்கெனவே அங்கு வேலை செய்தவர்களுக்குப் படிப்பித்தார்கள்.

வாசிப்பவர்களின் வீட்டுக்கும் இதில் வேலை உண்டு. நெஞ்சு அமுக்கினால் முச்சக்கர வண்டி தேடுவதோடு 1990க்கும் அழையுங்கள். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தொடங்கிய நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்து ஞாபகத்தில் வைத்திருங்கள், நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் கையோடு கொண்டு வாருங்கள். இதயம் தளர்ந்த நோயாளி இருந்தால் தினமும் காலையில் நிறை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

அந்தக் கொழுந்து பறித்த அம்மா இப்போதும் மாதாமாதம் மருந்தெடுக்க வருவார். சென்ற மாதம் புதிதாக வந்த சிங்களத் தாதி ஒருவர் மேசைக் கண்ணாடிக்குக் கீழிருந்த தாளைப் பார்த்து, "அம்மா, நெஞ்சு கரிக்குதா?" என்று எழுத்துக்கூட்டிக் கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். "இப்ப இல்ல மிஸ்ஸி" என்றார். அந்தத் தாதி அதையும் தாளின் ஓரத்தில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார்.